தரையில் கிடந்த குஞ்சும் தரைக்கு வந்த அகழெலியும்

ஜூன் மாதத்துத் திங்கட்கிழமை காலை. நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு ஷூ பெட்டியோடு. நான் இங்கிலாந்தில் ஒரு வனவிலங்கு மருத்துவமனையில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஏப்ரலில் தொடங்கி ஜூலை முடியும்வரை எங்களுக்கு ஷூ பெட்டிக் காலம்தான்.

முதல் பெட்டியில் ஒரு பறவைக் குஞ்சு. கட்டை வால், தலையில் அங்கங்கே துருத்திக்கொண்டு நிற்கும் பஞ்சுத் தூவி, ஊரோடு சண்டை போட்டுவிட்டு வந்த மாதிரி ஒரு முகம். கொண்டுவந்த அம்மையார் காலை நடைக்குப் போனபோது அது புதரோரம் தனியாக உட்கார்ந்திருந்ததாம். தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டி, பத்தே நிமிடத்தில் பெட்டிக்குள் போட்டு ஓடி வந்திருக்கிறார்.

இரண்டாவது பெட்டியில் ஒரு அகழெலி, ஆங்கிலத்தில் மோல் என்று சொல்லும், மண்ணுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் பிராணி. முந்தைய நாள் மதியம் அது நடைபாதையில் ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமை யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து, கார் ஷெட்டில் வைத்திருந்து காலையில் கொண்டுவந்தார். பசிக்குமே என்று ஒரு கேரட் துண்டும் இரண்டு லெட்டூஸ் இலையும் போட்டிருந்தார். கேரட் போட்டது போட்டபடி இருந்தது. அகழெலி ஒருக்களித்துக் கிடந்தது, தொட்டால் சில்லென்று.

தராசில் வைத்தேன். குஞ்சு 68 கிராம், அகழெலி 71 கிராம்.

குஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. அகழெலி அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இரண்டு பேருமே நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அந்த அம்மையாரின் அவசரம் இவருக்கும், இவருடைய பொறுமை அந்த அம்மையாருக்கும் இருந்திருந்தால் அன்று காலை எனக்கு வேலையே இருந்திருக்காது. கிட்டத்தட்ட ஒரே எடை, ஒரே சாப்பாடு, ஒரே புல்வெளி. இருந்தும் ஒன்றுக்குச் சரியாக இருப்பது மற்றதற்கு எமனாகிவிடுகிறது. ஏன் என்று ஒவ்வொரு வருடமும் வரவேற்பறையில் நின்றபடி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பெயரில் இருக்கிற எலி

குஞ்சு, ஆங்கிலத்தில் பிளாக்பேர்ட் என்று சொல்லும் பறவையுடையது. அறிவியல் பெயர் டர்டஸ் மெருலா. பூங்குருவிகளின் குடும்பம், அதனால் இங்கே கரும்பூங்குருவி என்றே எழுதுகிறேன். ஆண் கரிக்கறுப்பு, அலகு மஞ்சள், கண்ணைச் சுற்றி அதே மஞ்சளில் ஒரு வளையம். பெண் பழுப்பு. பிப்ரவரி வாக்கில் பாட ஆரம்பித்தால் ஜூலை வரை ஓயாது. இதே இனம்தான் என்று முன்பு கருதப்பட்ட இந்தியக் கரும்பூங்குருவி மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் உண்டு. இப்போது அதைத் தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள்.

அகழெலி என்பது டால்பா யூரோபியா, ஐரோப்பிய அகழெலி. தமிழ்நாட்டில் அகழெலியே கிடையாது. இந்தியாவில் அதன் உறவினர்களைப் பார்க்க இமயமலைப் பக்கமும் வடகிழக்குப் பக்கமும்தான் போக வேண்டும். அதனால் நம்மவர்களிடம் பேசும்போது பலர் பெருச்சாளியை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். அதில் தொடங்குகிறது சிக்கல். தமிழில் அகழெலி என்கிறோம், முள்ளெலி என்கிறோம். இரண்டிலும் எலி இருப்பது பெயரில் மட்டும்தான். அகழெலி, முள்ளெலி, மூஞ்சூறு மூன்றும் பங்காளிகள். எலி, பெருச்சாளி, அணில் எல்லாம் வேறு வம்சம். எலிக்கு முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு உளிப்பற்கள், அவை வளர்ந்துகொண்டே இருக்கும். அகழெலிக்கு வாய் நிறைய ஊசி மாதிரி 44 பற்கள். கொறிக்கிற வாயே அல்ல அது; கடித்துக் கிழிக்கிற வாய். கேரட்டும் லெட்டூஸும் அதற்குக் கூழாங்கல் போட்டதற்குச் சமம்.

தோட்டக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகாரையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பூச்செடிக் கிழங்குகளை அகழெலி தின்றுவிடுகிறது என்பார்கள். அது தின்பதில்லை. அது தோண்டிய சுரங்கத்தை வயல் எலிகள் இலவசச் சாலையாகப் பயன்படுத்திக்கொண்டு கிழங்கைத் தின்கின்றன. பழி மட்டும் சாலை போட்டவர் தலையில். மண்மேடு எழுப்புவது, வேர்களுக்கு அடியில் வெற்றிடம் உண்டாக்குவது இரண்டும் அகழெலி செய்வதுதான், மறுக்கவில்லை.

மேலே போனால் அலகு, கீழே போனால் பல்

இரண்டுக்கும் அன்றாடச் சோறு மண்புழு. கரும்பூங்குருவி பூச்சிகளும் பழங்களும் தின்னும், இலையுதிர் காலத்தில் பழத்தில்தான் உடம்பைத் தேற்றும். ஆனால் குஞ்சு வளர்க்கிற மாதங்களில் புல்வெளியில் அது தேடுவது புழுவைத்தான். நான்கைந்து அடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்க்கும், குத்தும். காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இருக்கும். கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கீழே பார்க்கவும் அது தலையைச் சாய்த்துத்தான் ஆக வேண்டும். எனவே பார்க்கிறதா, கேட்கிறதா என்பது பழைய சண்டை. இதன் நெருங்கிய உறவான அமெரிக்க ராபினை வைத்து 1965-இல் நடந்த சோதனை கண்தான் என்றது. 1997-இல் அதே பறவையை வைத்து, புழுவை மண்ணுக்குள் மறைத்து, பார்வை, வாசனை, அதிர்வு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிச் செய்த சோதனைகளில் வெறும் சத்தத்தை வைத்தே அது புழுவைக் கண்டுபிடித்தது. இரண்டையும் பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அகழெலியின் வேட்டை வேறு தினுசு. புழுவைத் துரத்தித் துரத்தி மண்ணைத் தோண்டுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் சுரங்கம் ஒரு பொறி. ஒருமுறை தோண்டிவைத்துவிட்டால், பக்கவாட்டு மண்ணிலிருந்து புழுக்கள் தாமாகவே வந்து விழும். ரோந்து போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான் மிச்சம். புதிதாகத் தோண்ட வேண்டிவந்தால் ஒரு நாளைக்கு 20 மீட்டர்கூடத் தோண்டும். கிடைத்த புழுவைத் தின்னும் முன் இரண்டு முன்னங்கைகளுக்கும் நடுவில் கொடுத்து இழுக்கும். புழுவின் மேல் ஒட்டிய மண்ணும் வயிற்றில் இருக்கும் மண்ணும் வெளியே வந்துவிடும். கண்ணாடித் தொட்டியில் வைத்து இதைப் பார்த்திருக்கிறேன். பற்பசை டியூபைக் கடைசிச் சொட்டுவரை பிதுக்குகிற மாதிரி அவ்வளவு நிதானமாகச் செய்யும்.

இந்த இரண்டு வேட்டைக்காரர்களையும் இணைக்கிற ஒரு விஷயம் உண்டு. தரை அதிர்ந்தால் மண்புழுக்கள் அகழெலி துரத்துகிறது என்று நினைத்து மேலே வந்துவிடுகின்றன என மக்கள் சொல்வதை, மண்புழுக்களைப் பற்றி 1881-இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் டார்வின் குறிப்பிட்டார். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தூண்டிலுக்குப் புழு பிடிப்பவர்கள் ஒரு முளையை மண்ணில் அடித்து, இரும்புப் பட்டையால் அதைத் தேய்த்து உறுமவிடுவார்கள். நூற்றுக்கணக்கில் புழுக்கள் வெளியே வரும். கென்னத் கட்டானியா என்ற ஆய்வாளர் 2008-இல் அதை ஆராய்ந்து, புழுக்கள் உண்மையிலேயே அகழெலியின் அதிர்வுக்குத்தான் பயந்து ஓடுகின்றன என்று காட்டினார். அங்கே இருப்பது வேறு வகை அகழெலி, ஆனால் கதை அதேதான். கீழே பல் வந்தால் புழு மேலே ஓடும். மேலே அலகு காத்திருக்கும். மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மண்மேடு அசைந்து எழும்புவதையும், பக்கத்திலேயே ஒரு கரும்பூங்குருவி நின்றுகொண்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பேசி வைத்துக்கொண்டு வந்த மாதிரிதான் இருந்தது.

புழுவோடு வியாதியும் வரும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும் கரும்பூங்குருவி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மூச்சுக்குழாயில் தங்கும் ஒரு சிவப்பு நூற்புழுவை. அதன் இளம்பருவம் மண்புழுவுக்குள் இருக்கும். அம்மா ஊட்டிய அதே கவளத்தோடு உள்ளே போயிருக்கும். அகழெலியில் என் பிரச்சினை வேறு. பிரிட்டனிலேயே மிகப் பெரிய தெள்ளுப்பூச்சி அகழெலியின் மேல்தான் வாழ்கிறது, அரை சென்டிமீட்டருக்கு மேல் நீளம். சட்டையில் ஏறினால் தேட வேண்டியதில்லை, வெறும் கண்ணுக்கே நன்றாகத் தெரியும்.

கையில் எடுத்தால்

பறவையைக் கையில் எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு இறுக்கிப் பிடிப்பது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வரும். தப்பித்துவிடுமோ என்று மார்பைச் சுற்றி அழுத்தினால், கழுத்தைத் தொடாமலே மூச்சை நிறுத்திவிடுகிறோம். அப்புறம் தண்ணீர். அலகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழாயின் வாய் திறந்திருக்கிறது; அந்தத் தண்ணீர் நேராக நுரையீரலுக்கு. பாலும் ரொட்டியும் கொடுத்துக் கொண்டுவருகிற குஞ்சுகளை இன்னமும் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன். பறவைகளுக்குப் பாலைச் செரிக்கும் நொதியே இல்லை.

அகழெலியை எடுப்பவர்களுக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் வலி. ஆச்சரியம் அதன் ரோமம். நாயையோ பூனையையோ எதிர்த்திசையில் தடவினால் முடி சிலிர்த்து நிற்கும். அகழெலியின் முடி எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் சாயும், வெல்வெட் மாதிரி. சுரங்கத்துக்குள் முன்னே போவது மாதிரியே பின்னாலும் போக வேண்டுமே, அதற்காக. வலி, கையுறை போடாமல் எடுப்பவர்களுக்கு. கடிப்பது ஒரு பக்கம், அந்த முன்னங்கைகளின் பலம் இன்னொரு பக்கம். மண்வெட்டி மாதிரி வெளிப்பக்கம் திரும்பிய உள்ளங்கை, அதில் ஐந்து விரல்கள் போக, மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாவது விரல் மாதிரி விளிம்பு கட்டியிருக்கும். மூடிய விரல்களை அது பிரித்துக்கொண்டு வெளியே வரும்போது, நூறு கிராம் பிராணிக்கு இவ்வளவு வலுவா என்று தோன்றும்.

குருடு என்று நினைத்து வெளிச்சத்தில் போட்டு வைப்பதும் வழக்கமாக நடக்கிறது. அதன் கண் ஒரு மில்லிமீட்டர் அளவு, ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும், ஆனால் வெளிச்சம் தெரியும். அதன் உண்மையான கண் மூக்குநுனிதான். தொடுவுணர்வுக்கான நுண்ணிய புடைப்புகள் அங்கே ஆயிரக்கணக்கில் நிறைந்திருக்கின்றன. 1871-இல் அவற்றை விவரித்த தியோடர் ஐமரின் பெயரால் இன்றும் அவற்றை ஐமர் உறுப்புகள் என்கிறோம். மூக்கில் அடிபட்ட அகழெலியை நான் கண் பறிபோன பறவையைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பேன். காட்டுக்குத் திரும்பிப் போய்ப் பிழைக்க முடியாது.

மூச்சில்கூட இரண்டும் இரண்டு துருவம். பறக்கிற உடம்புக்குக் கொள்ளை கொள்ளையாக ஆக்சிஜன் வேண்டும். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றுப்பைகள் துருத்தி மாதிரி வேலை செய்யும். உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அகழெலியோ தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்க வேண்டிய இடத்தில் வாழ்கிறது. அதன் ஹீமோகுளோபின் குறைந்த ஆக்சிஜனையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூடிய பெட்டியில் காற்றுத் துளை சிறிதாகிவிட்டதோ என்று அகழெலி கொண்டுவருபவர்கள் கவலைப்படும்போது, துளை போகட்டும், சாப்பாடு எங்கே என்று கேட்கிறேன்.

ராத்திரி என்பது யாருக்கு

இதுதான் விஷயத்தின் மையம். கரும்பூங்குருவிக்கு ராத்திரி உண்டு. இருட்டியபின் இரை தேட முடியாது; விடியும்வரை பட்டினி கிடக்கத் தயாராகவே உடம்பு அமைந்திருக்கிறது. குளிர்காலத்தில் பதினாறு மணி நேர இருட்டையும் பகலில் சேர்த்த கொழுப்பில் ஓட்டிவிடும். கூட்டில் இருக்கும் குஞ்சுக்கும் அப்படித்தான்: பகல் முழுக்க ஊட்டல், ராத்திரி தாயின் சூடு மட்டும்.

மண்ணுக்கடியில் ராத்திரியும் இல்லை, பகலும் இல்லை. அகழெலி சுமார் நான்கு மணி நேரம் ரோந்து, நான்கு மணி நேரம் தூக்கம் என்று நாளுக்கு மூன்று ஷிஃப்ட் வேலை பார்க்கிறது. தன் எடையில் பாதி அளவு புழு தினமும் வேண்டும். கையிருப்புக் கொழுப்பை நம்பி வாழ்கிற பிராணி அல்ல; அதன் கையிருப்பு வெளியே இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் புழுக்களின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமல் ஆனால் ஓட முடியாமல் ஆக்கி, ஒரு அறையில் நூற்றுக்கணக்கில் குவித்து வைக்கும். அந்தக் களஞ்சியத்தைவிட்டுப் பிரித்து வெறும் அட்டைப்பெட்டியில் வைத்தால் ஒரு ராத்திரி என்பது அதற்கு இரண்டு வேளைப் பட்டினி. கேரட் போட்ட மனிதர் அகழெலியைத் துன்புறுத்தவில்லை. பறவைக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார், இருட்டில், அமைதியாக, காலைவரை.

ஆக, அகழெலி அடிபட்டோ நனைந்து சோர்ந்தோ கிடந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு வாளியிலோ ஆழமான பிளாஸ்டிக் டப்பாவிலோ ஒரு சாண் ஈர மண் போடுங்கள். அட்டைப்பெட்டியை அது கிழித்துக்கொண்டு போய்விடும். கையுறை போட்டு அல்லது தடித்த துண்டால் எடுத்து அதில் விடுங்கள். தோட்டத்தில் தோண்டி ஒரு கைப்பிடி மண்புழு போடுங்கள். கிடைக்காவிட்டால் பூனைகளுக்கான ஈர உணவு கொஞ்சம். உடனே போன் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, ராத்திரியானாலும் சரி. காயமில்லாமல் சுறுசுறுப்பாக நடைபாதையில் மாட்டிக்கொண்டிருந்தால் மருத்துவமனையே வேண்டாம். அருகிலுள்ள மெத்தென்ற மண்ணில் விடுங்கள், அரை நிமிடத்தில் காணாமல் போய்விடும்.

ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகள்

கோடைத் தொடக்கத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நம் காலடியில் வந்து நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. கரும்பூங்குருவிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்து இரண்டு வாரத்தில் கூட்டைவிட்டுக் குதித்துவிடும், அப்போது அதற்குச் சரியாகப் பறக்கவே தெரியாது. இது விபத்து அல்ல, ஏற்பாடு. கூட்டில் நான்கு குஞ்சும் ஒரே இடத்தில் இருந்தால் ஒரு பூனைக்கு ஒரே வேளையில் நான்கும் போய்விடும். புதருக்கு ஒன்றாகப் பிரிந்து ஒளிந்தால் ஒன்றிரண்டாவது தப்பும். அடுத்த மூன்று வாரம் பெற்றோர் தேடித் தேடி ஊட்டும். பல சமயம் அந்தப் பொறுப்பு அப்பாவுக்கு வந்துவிடும், ஏனென்றால் அம்மா அடுத்த முட்டைக்குத் தயாராகியிருக்கும். நீங்கள் குஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும்போது 'சிங்க் சிங்க்' என்று உலோகத்தைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்கிறதா? அது அப்பா அல்லது அம்மா. திட்டுவது உங்களைத்தான். நீங்கள் போனால்தான் புழு வரும்.

எனவே இறகு முளைத்த, தத்தித் தத்திப் போகிற, உங்களைப் பார்த்து முறைக்கிற குஞ்சைத் தொடாதீர்கள். சாலை நடுவில் இருந்தாலோ பூனை சுற்றினாலோ எடுத்துப் பக்கத்துப் புதருக்குள் வைத்துவிட்டு நகருங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் கதை. இறகே இல்லாத சிவப்புக் குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வையுங்கள். கூடு எட்டவில்லை, காணவில்லை என்றால் அப்போது எங்களிடம் வரலாம்.

அகழெலிக் குட்டியின் கதையில் ஊட்டுகிற அப்பா கிடையாது. அம்மாவும் ஒன்றரை மாதத்துக்குள் துரத்திவிடும். அகழெலிகள் தனிக்கட்டைகள், இனச்சேர்க்கைக் காலம் தவிர ஒன்றையொன்று பார்த்தால் சண்டைதான். துரத்தப்பட்ட குட்டி சொந்தமாக ஒரு சுரங்கம் அமையும்வரை தரைமேலேயே அலைய வேண்டியிருக்கும். ஆந்தை, பருந்து, பூனை, கார் எல்லாவற்றுக்கும் அந்தச் சில வாரங்கள்தான் அறுவடை. தரையில் தெரியும் பறவைக் குஞ்சுக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. தரையில் தெரியும் அகழெலிக்குப் பின்னால் யாரும் இல்லை.

வறண்ட கோடையில் இரண்டின் நிலைமையும் மோசம். மண் இறுகினால் புழு ஆழத்துக்குப் போய்விடும். கூட்டில் குஞ்சுகள் பசியில் சாகும். அகழெலி ஆழமாகத் தோண்டி ஓயும், அல்லது இரை தேடி மேலே வரும். தோட்டம் இருப்பவர்கள் ஒரு மூலையில் உதிர்ந்த இலைகளைக் கூட்டாமல் விட்டு, அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாலே போதும். இரண்டுக்கும் அதுவே ரேஷன் கடை.

ஒரு சின்ன கிளைக்கதை. அனுமதிச் சீட்டில் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருக்கும். வளர்ந்த கரும்பூங்குருவியை வாசலில் இருந்து பார்த்தே நிரப்பிவிடலாம். அகழெலியில் இருபது வருட அனுபவம் உள்ளவரும் திணறுவார். வெளித்தோற்றத்தில் ஆணும் பெண்ணும் அவ்வளவு ஒன்றாக இருக்கும். உள்ளேயும் அப்படித்தான்: பெண் அகழெலியின் சினைப்பையில் ஒரு பகுதி விந்தகத் திசுவாக (விரைத் திசுவாக) இருந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கிறது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து ஐபீரிய அகழெலியின் மரபணுத் தொகுப்பை ஆராய்ந்து 2020-இல் அதற்கான காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். தோண்டுவதற்கும் சண்டைக்கும் வேண்டிய தசைவலு அப்படி வருகிறது. நான் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் கேள்விக்குறி போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. குளிர்காலத்தைச் சமாளிக்க ஸ்காண்டிநேவியாவிலிருந்து கரும்பூங்குருவிகள் கடல் தாண்டிப் பிரிட்டனுக்கு வரும். அகழெலியால் எங்கே போக முடியும்? அது தன் தலையைச் சுருக்கிக்கொள்கிறது. 2022-இல் வெளியான ஆய்வில் குளிர்காலத்தில் அதன் மண்டையோடு 11 சதவீதம் சிறுத்து, வசந்தத்தில் 4 சதவீதம் திரும்ப வளர்வதாக அளந்திருக்கிறார்கள். மூளைக்குச் செலவாகும் சோற்றை மிச்சம் பிடிக்கும் வழி.

சட்டம் யார் பக்கம்

இங்கே 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கரும்பூங்குருவியைக் கொல்வதும், புழக்கத்தில் உள்ள அதன் கூட்டைக் கலைப்பதும் குற்றம். வேலி வெட்டப் போகிறவர் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வெட்டுவது நல்லது. அடிபட்ட பறவையைக் குணமாக்கித் திரும்ப விடுவதற்காக எடுத்துவைக்கலாம், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அகழெலிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பொறி வைத்துக் கொல்ல உரிமம் தேவையில்லை. வேண்டுமென்றே சித்திரவதை செய்வதை மட்டும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2006 வரை புழுவில் ஸ்ட்ரிக்னின் விஷம் தடவி வளைக்குள் போட்டார்கள். வலிப்பு வந்து சாகும் சாவு அது. நல்ல வேளையாக அது நின்றுவிட்டது.

பாடுகிற பறவைக்கு ஒரு நியாயம், பாடாத பிராணிக்கு ஒரு நியாயம் என்று இதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அகழெலிக்கும் ஒருகாலத்தில் ரசிகர்கள் இருந்தார்கள், வேறு காரணத்துக்காக. 1702-இல் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரை அகழெலி மேட்டில் இடறியதாகச் சொல்வார்கள். விழுந்ததில் காறை எலும்பு முறிந்து, சில நாளில் மன்னர் இறந்துபோனார். எதிரணியினர் 'கறுப்பு வெல்வெட் அணிந்த சின்னக் கனவானுக்கு' என்று கோப்பை உயர்த்திக் குடித்தார்களாம்.

உங்கள் புல்வெளியில் மேடு எழும்பினால், மேட்டு மண்ணை வாரிப் பூந்தொட்டிக்குப் போடுங்கள். சலித்தெடுத்த மாதிரி இருக்கும். சுரங்கத்தில் விஷவாயு மாத்திரை போடுவது பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்யலாம், அதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஒரு அகழெலியைக் கொன்றால் காலியான சுரங்கத்துக்கு அடுத்த அகழெலி குடிவந்துவிடும்.

இரண்டு அவசரங்கள்

குஞ்சைத் தொடாதீர்கள் என்று சொன்னதில் ஒரு விதிவிலக்கு. பூனை வாயில் பட்ட பறவை, காயமே தெரியாவிட்டாலும், அன்றே எங்களிடம் வர வேண்டும். பூனையின் எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி ஊசித்துளை அளவு கடியில் போனாலும் ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பரவிக் கொன்றுவிடும். இறகுக்கடியில் அந்தத் துளை கண்ணுக்கே தெரியாது. காலையில் நன்றாக இருந்தது, மாலையில் செத்துவிட்டது என்று சொல்பவர்களில் பாதிப்பேர் வீட்டில் பூனை இருக்கும்.

இரண்டாவது புதியது. உசுட்டு என்ற வைரஸ், கொசு மூலம் பரவுவது. ஆப்பிரிக்காவில் கண்டறியப்பட்ட அது 2001-இல் ஆஸ்திரியாவில் கரும்பூங்குருவிகளை ஏராளமாகக் கொன்றது. பிரிட்டனில் 2020-இல் லண்டனில் முதன்முதலாகத் தெரிந்தது, அதுவும் கரும்பூங்குருவிகளில்தான். கோடையின் பிற்பகுதியில், வளர்ந்த பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, ஆள் வந்தாலும் பறக்காமல், தலை தள்ளாடி உட்கார்ந்திருந்தால் சந்தேகிக்கலாம். மனிதருக்குத் தொற்றுவது அபூர்வம், இருந்தாலும் கையுறை போடுங்கள். செத்த பறவையைப் பார்த்தால் புதைப்பதற்கு முன் தகவல் சொல்லுங்கள். தேங்கிய வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள், பறவைக் குளியல் தொட்டியின் நீரை வாரம் இரண்டுமுறை மாற்றுங்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். அம்மையாரிடம் குஞ்சை எடுத்த இடத்தைத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டு, அவரையே திரும்பக் கொண்டுபோகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. காப்பாற்றியதாக நினைத்துத்தானே வந்தார். அதே புதருக்குள் வைத்துவிட்டு இருபது அடி தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். மதியம் போன் செய்தார். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லையாம். அப்புறம் மஞ்சள் அலகில் இரண்டு புழு தொங்க ஒரு கறுப்புப் பறவை வந்து, வேலியில் உட்கார்ந்து, அவரைப் பார்த்து இரண்டு நிமிடம் கத்தித் தீர்த்துவிட்டுத்தான் கீழே இறங்கியதாம்.

கேரட் போட்டவர் அன்று ஒன்றும் பேசாமல் போனார். நான் இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. அடுத்த ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அவசர எண்ணில் ஒரு அழைப்பு. பூனை ஒரு அகழெலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டது, இருபது நிமிடம் ஆகிறது, கிளம்பிவிட்டேன் என்றார். குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. இந்தமுறை ஷூ பெட்டி இல்லை. ஒரு சிவப்பு வாளி, பாதிவரை ஈர மண். நான் டார்ச் அடித்தபோது மேலே ஒன்றும் தெரியவில்லை. மண் மட்டும் ஒரு ஓரத்தில் லேசாக எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது.